இருபத்தாறில் கடைசி மூன்று இடங்கள்

மார்ச் பிறந்துவிட்டால் பேஸ்பால் ரசிகர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே பேச்சுதான். சீசன் தொடங்கும் நாளில் ரோஸ்டரில் (ஆடும் பட்டியலில்) யார் இருக்க வேண்டும், யார் கீழ்நிலையான மைனர் லீகுக்குப் போக வேண்டும்? பேச்சு சூடு பிடித்ததும் எல்லோரும் ஸ்பிரிங் டிரெய்னிங், அதாவது சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாம், கணக்கைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "இவன் .380 அடிக்கிறான், அவன் .190. இதுக்கு மேல என்ன வேணும்?" (.380 என்றால் நூறு முறை பேட் பிடித்து 38 ஹிட்.) அணி நிர்வாகமோ அந்த வாரத்தில் முதலில் பார்ப்பது, யாரை விட்டுவிட்டால் திரும்பக் கிடைக்க மாட்டார் என்பதை. யார் நன்றாக அடிக்கிறார் என்பது அதற்கு அடுத்தபடிதான். இந்த வரிசை பிடிபடாமல் ரோஸ்டரைப் பற்றி வாதாடினால் ஒவ்வோர் ஆண்டும் ஏமாற்றமே மிஞ்சும்.

முதலில் எண்ணிக்கை. வட அமெரிக்காவின் உச்ச நிலையான மேஜர் லீகில் 2020 முதல் ஆடும் பட்டியல் 26 பேர். அதற்கு முன் 25. பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) 13 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஏறக்குறைய எல்லா அணிகளும் அந்த 13-ஐயும் நிரப்பிவிடும்: ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஸ்டார்ட்டர் ஐந்து, பிறகு வந்து வீசும் ரிலீவர் எட்டு. மீதி 13 பேரில், பிட்சருக்குப் பதிலாக பேட் மட்டும் பிடிக்கும் டிஎச் உட்பட, ஒன்பது பேர் அன்றாடம் ஆடுபவர்கள். பெஞ்சில் நான்கு பேர். அந்த நால்வரில் ஒருவர் இரண்டாவது கேட்சராக (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) இருந்தே ஆக வேண்டும். பிப்ரவரியிலேயே ஒரு தாளில் 23 பெயர்களை எழுதிவிடலாம், பெரும்பாலும் சரியாக இருக்கும். பெஞ்சில் இரண்டு இடம், புல்பென்னில் (ரிலீவர்கள் வரிசையில்) ஓர் இடம், இந்த மூன்றுக்குத்தான் ஒரு மாதம் முழுக்க அடிதடி.

இந்த 26-ஐச் சுற்றி 40 பேர் பட்டியல் ஒன்று இருக்கிறது. விவாதங்களில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். பட்டியலில் இல்லாமல் அழைப்பின் பேரில் முகாமுக்கு வந்த மூத்த வீரர் எவ்வளவு நன்றாக ஆடினாலும், அவரை அணியில் சேர்க்க 40-ல் ஓர் இடம் காலியாக வேண்டும். ஏற்கெனவே 40 பேரும் நிரம்பியிருந்தால் ஒருவரை நீக்கித்தான் இவரை ஏற்ற முடியும். யாருக்காவது நீண்ட காயம் என்றால் 60 நாள் காயப் பட்டியலில் போட்டு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம். அதனால் ஒருவர் அணிக்குள் வருவாரா என்று கேட்டால், அவருடைய பேட்டிங்கைப் பார்ப்பதோடு, அணியில் யாருடைய முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது என்றும் பாருங்கள்.

அடுத்தது ஆப்ஷன், அதாவது வீரரை இழக்காமல் மைனர் லீகுக்கு அனுப்பும் உரிமை. 40 பேர் பட்டியலில் இருக்கும் வீரருக்கு பொதுவாக மூன்று ஆப்ஷன் ஆண்டுகள். ஓர் ஆண்டில் மொத்தம் 20 நாளாவது மைனர் லீகில் இருந்தால் அந்த ஆண்டின் ஆப்ஷன் செலவாகிவிட்டது என்று கணக்கு. ஆப்ஷன் இருக்கும்வரை அவரைக் கீழே அனுப்பலாம், மேலே கூப்பிடலாம், பொதுவாக யார் அனுமதியும் தேவையில்லை. 2022 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரு சீசனில் ஐந்து முறைதான் அப்படி அனுப்ப முடியும். அனுப்பினால் பேட்டர் 10 நாளும் பிட்சர் 15 நாளும் கீழேயே இருக்க வேண்டும். காயம்பட்டவருக்குப் பதிலாக வருவதானால் விலக்கு உண்டு. மூன்று ஆப்ஷனும் தீர்ந்தவரைக் கீழே அனுப்ப வெய்வரில் வைத்தாக வேண்டும். மற்ற 29 அணிகளில் எது வேண்டுமானாலும் அவரை எடுத்துக்கொள்ளலாம். ஹோசே பௌட்டிஸ்டா 2004-ல் ஒரே சீசனில் ஐந்து அணிகளின் பட்டியலில் இருந்தார்: பால்டிமோர், டாம்பா பே, கான்சஸ் சிட்டி, மெட்ஸ், கடைசியில் பிட்ஸ்பர்க். அதே பௌட்டிஸ்டா 2010-ல் டொராண்டோவுக்காக 54 ஹோம்ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்தார். 

இப்போது ஒரே ஓர் இடத்துக்கு மூன்று பேர் மோதுவதாக வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு வயது 23, ஸ்பிரிங்கில் .400, இரண்டு ஆப்ஷன் மிச்சம். இரண்டாமவருக்கு 28, .210, ஆப்ஷன் தீர்ந்துவிட்டது, ஷார்ட்ஸ்டாப் (செகண்ட், தேர்ட் பேஸ்களுக்கு நடுவே நின்று பந்தைப் பிடிக்கும் இடம்) ஆடத் தெரிந்தவர். மூன்றாமவருக்கு 34, .300, 40 பேர் பட்டியலில் இல்லை. ஆறு ஆண்டு சர்வீஸ் (மேஜர் லீக் பட்டியலில் இருந்த காலம்) முடித்து, போன சீசனை மேஜர் லீகில் முடித்துவிட்டு மைனர் லீக் ஒப்பந்தத்தில் வந்த இப்படிப்பட்டவருக்கு, தொடக்க நாளுக்கு ஐந்து நாள் முன்பு விலகிக்கொள்ளும் உரிமை இருக்கிறது. பிறகு மே 1, ஜூன் 1 தேதிகளிலும் உண்டு. ரசிகர்கள் 23 வயதுக்காரருக்குக் கொடி பிடிப்பார்கள். நிர்வாகம் பெரும்பாலும் 28 வயதுக்காரரை வைத்துக்கொள்ளும். இளையவரை இன்று அனுப்பினாலும் ஏப்ரல் கடைசியில் கூப்பிட்டுக்கொள்ளலாம், இருவராவது கையில் இருப்பார்கள். இளையவரை வைத்துக்கொண்டால் மற்ற இருவரும் போய்விடக்கூடும். 162 ஆட்டம் ஆடப்போகும் அணிக்கு, தொடக்க நாளில் 26-ல் ஒருவர் கொஞ்சம் கூடுதல் திறமையோடு இருப்பதைவிட, கையில் மொத்தம் எத்தனை நல்ல ஆட்கள் இருக்கிறார்கள் என்பது பெரிது. மே மாதத்துக்குள் யாருக்காவது தொடைத் தசை பிடிக்கும், யாருக்காவது தோள் வலிக்கும்.

இதற்கு 2025 லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியைவிட நல்ல பாடம் கிடைக்காது. கொரியாவிலிருந்து மூன்று ஆண்டுக்கு 1.25 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வந்த கிம் ஹே-சங்கை முகாமிலேயே பேட்டிங் முறையை மாற்றச் சொன்னார்கள். அவர் 29 முறை பேட் பிடித்து 6 ஹிட் அடித்தார், .207. டோக்கியோவில் மார்ச் 18, 19 தேதிகளில் சிகாகோ கப்ஸுடன் நடந்த தொடக்க ஆட்டங்களுக்கு முன்பே அவரை ஒக்லஹோமா சிட்டிக்கு, அதாவது மைனர் லீகின் மேல்படியான ட்ரிபிள்-ஏவுக்கு அனுப்பிவிட்டார்கள். பெஞ்சில் மிகெல் ரோஹாஸ், கிறிஸ் டெய்லர், கீகே ஹெர்னாண்டஸ், இரண்டாவது கேட்சராக ஆஸ்டின் பார்ன்ஸ். வயதானவர்களை வைத்துக்கொண்டு இளைஞரை அனுப்புகிறார்களே என்று குறைபட்டவர்கள் பலர்.

டோக்கியோவில் முதல் ஆட்டத்திலேயே அதற்குப் பதில் வந்தது. மூக்கி பெட்ஸுக்கு வயிற்றுக் கோளாறு, ஆட முடியவில்லை. ஃப்ரெடி ஃப்ரீமனுக்கு விலாவில் வலி, ஆட்டத்துக்குச் சற்று முன் விலகினார். ஷார்ட்ஸ்டாப்பில் ரோஹாஸ் நின்றார், ஃபர்ஸ்ட் பேஸில் கீகே. பெஞ்சில் இருப்பவர் எத்தனை இடத்தில் கையுறை மாட்டத் தெரிந்தவர் என்பது அன்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

மே மாதம் கணக்கு மாறியது. மே 3-ல் டாமி எட்மன் கணுக்கால் வலியோடு காயப் பட்டியலுக்குப் போனதும் கிம்மைக் கூப்பிட்டார்கள். அடுத்த இரண்டு வாரம் அவர் .400-க்கு மேல் அடித்தார். மே 14-ல் பார்ன்ஸை நீக்கி இளம் கேட்சர் டால்டன் ரஷ்ஷிங்கைக் கொண்டுவந்தார்கள். மே 18-ல் எட்மன் திரும்பியபோது கிம்மை வைத்துக்கொண்டு டெய்லரை விடுவித்தார்கள். மார்ச்சில் மூத்தவர்களை விட்டிருந்தால் ஏப்ரலில் காயம் வரும்போது ஆள் இருந்திருக்காது. மே மாதத்துக்குள் மேஜர் லீக் பந்துவீச்சுக்கு எதிரான ஆதாரம் கையில் வந்தது, அதற்குப் பிறகு வெட்டினார்கள். முதலில் திருத்தக்கூடிய முடிவு, பிறகு திருத்த முடியாத முடிவு. அந்த வரிசைதான் சரி என்பது என் உறுதியான எண்ணம்.

ரோஹாஸ் மட்டும் கடைசிவரை இருந்தார். நவம்பர் 1, டொராண்டோ, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஓர் அவுட், டாட்ஜர்ஸ் ஒரு ரன் பின்தங்கியிருக்க, 36 வயது ரோஹாஸ் ஜெஃப் ஹாஃப்மனின் பந்தை லெஃப்ட் ஃபீல்டுக்கு மேலே அனுப்பி ஆட்டத்தைச் சமன் செய்தார். அதே இன்னிங்ஸின் பிற்பகுதியில் எல்லா பேஸிலும் டொராண்டோ ஆள், ஓர் அவுட்; ஒரு ரன் வந்தால் ஆட்டம் முடிந்தது. தரையோடு வந்த பந்தை அவரே பிடித்து, தடுமாறியபடி ஹோமுக்கு எறிந்து ஓர் அவுட் எடுத்தார். அதற்குச் சற்று முன்புதான் பெஞ்சிலிருந்து ஆண்டி பாஹஸை சென்டர் ஃபீல்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்த பேட்டர் ஆழமாக அடித்த பந்தை பாஹஸ் ஓடிப்போய், கீகேவின் மேல் மோதிப் பிடித்தார். கடைசி இடங்களைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுவது வீண் வேலை என்று யாராவது சொன்னால் அந்த அரை இன்னிங்ஸைப் போட்டுக் காட்டலாம்.

சரி, ஸ்பிரிங் எண்களுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் சராசரியில் இல்லை. ஒரு சிறு கணக்குப் போடுவோம். உண்மையில் .250 அடிக்கும் திறமை உள்ளவர் 50 முறை பேட் பிடித்தால் எதிர்பார்ப்பது 12 அல்லது 13 ஹிட். அதிர்ஷ்டம் மட்டுமே அந்த எண்ணிக்கையை மூன்று ஹிட் மேலேயோ கீழேயோ சாதாரணமாக நகர்த்திவிடும். 16 ஹிட் வந்தால் .320. இப்படிப்பட்டவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே .320-ஐத் தொட்டுவிடுவார். முகாமில் 18 பேர் இந்தத் தரத்தில் இருந்தால் ஒவ்வோர் ஆண்டும் மூன்று 'கண்டுபிடிப்புகள்' உறுதி.

எதிரே நிற்பது யார் என்பது இன்னொரு பிரச்சினை. அரிசோனாவிலோ ஃப்ளோரிடாவிலோ ஒரு மதிய ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையைக் கவனித்துப் பாருங்கள். முதல் நான்கு, ஐந்து இன்னிங்ஸ் வரை தெரிந்த பெயர்கள். ஆறாவதிலிருந்து முதுகில் 80, 90 என்று எண் எழுதிய இளைஞர்கள் வருவார்கள். ஏழாவது இன்னிங்ஸில் அடிக்கப்பட்ட ஹோம்ரன் ட்ரிபிள்-ஏவுக்கும் கீழே உள்ள டபுள்-ஏ பையன் வீசியதாக இருக்கும். முதல் இன்னிங்ஸில் வீசும் பெரிய பிட்சரோ அன்று புதிய சேஞ்சப்பை (வேகம் குறைந்த ஏமாற்றுப் பந்து) பழகிப் பார்ப்பதற்காகவே பத்துப் பந்து வீசுவார், அடி வாங்குவதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். அரிசோனாவின் வறண்ட காற்றில் அடித்த பந்து கூடுதலாகப் பறக்கும், வளைய வேண்டிய பந்து குறைவாக வளையும். அங்கே ஒரு பிட்சரின் கர்வ் சோபிக்கவில்லை என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஸ்பிரிங் கணக்குக்கு எதிரணித் தரம் என்று ஒரு எண் போடுகிறார்கள். 10 என்றால் மேஜர் லீக் தரம், 8 என்றால் ட்ரிபிள்-ஏ. சராசரியைப் பார்க்கும் முன் அந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

நம்பத்தக்கவை வேறு சில. பேட்டர் எத்தனை முறை ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக் வாங்கி அவுட்) ஆகிறார் என்பது அறுபது முறை பேட் பிடித்ததுமே ஓரளவு உண்மையைச் சொல்லத் தொடங்கும். சராசரிக்குப் பல நூறு வேண்டும். போன ஆண்டு நூற்றுக்கு முப்பது முறை ஸ்டிரைக் அவுட் ஆனவர் இந்த முகாமில் பதினைந்தாகக் குறைத்திருந்தால் நிமிர்ந்து உட்காரலாம். பிட்சரிடம் பார்க்க வேண்டியது ஃபாஸ்ட்பால் வேகம். மார்ச் முதல் வாரத்தில் மணிக்கு இரண்டு மைல் குறைந்திருப்பது இயல்பு, கை இன்னும் பழகவில்லை. மார்ச் கடைசி வாரத்திலும் அந்த இரண்டு மைல் திரும்பி வரவில்லை என்றால் கவலைப்பட வேண்டும், அவர் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் இருந்தாலும்.

பெஞ்சின் வடிவம் சமீபத்தில் மாறிவிட்டது, விவாதங்கள் இன்னும் பழைய வடிவத்திலேயே நடக்கின்றன. 2022-ல் மேஜர் லீகின் இரு லீகுகளிலும் டிஎச் வந்தபின், பிட்சருக்குப் பதிலாக பேட் பிடிக்க ஒருவர் என்ற தேவை போய்விட்டது. அடிக்க மட்டுமே தெரிந்த, ஃபர்ஸ்ட் பேஸ் தவிர எங்கும் நிற்க முடியாத ஒருவருக்கு பெஞ்சில் இடம் கொடுப்பது இன்று பெரிய ஆடம்பரம். கால்களின் மதிப்போ ஏறிவிட்டது. வழக்கமான சீசனில் கூடுதல் இன்னிங்ஸ் ஒவ்வொன்றும் செகண்ட் பேஸில் ஓர் ஆளோடு தொடங்குகிறது. 2023-ல் பேஸின் அளவு 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது, பிட்சர் பேஸில் நிற்பவரைப் பிடிக்க முயல்வதற்கும் வரம்பு வந்தது. செகண்ட் பேஸின் இருபுறமும் இரண்டிரண்டு இன்ஃபீல்டர்கள் நின்றாக வேண்டும் என்பதால் செகண்ட் பேஸ்மேனுக்கும் ஓடிப் பிடிக்கும் திறமை அவசியமாகிவிட்டது. பேஸ்பாலில் வெளியே எடுத்தவரைத் திரும்ப உள்ளே விட முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. ஏழாவது இன்னிங்ஸில் ஒருவருக்குப் பதில் ஓட ஆள் விட்டால், அடுத்த இன்னிங்ஸில் அந்த இடத்தில் கையுறையோடு நிற்க யார் என்பதையும் சேர்த்தே யோசித்தாக வேண்டும். அதனால்தான் பெஞ்சில் கேட்சர் போக மீதி மூன்று பேரில் ஒருவராவது ஷார்ட்ஸ்டாப் ஆடக்கூடியவராக, ஒருவராவது சென்டர் ஃபீல்டில் நிற்கக்கூடியவராக இருக்க வேண்டும் என்கிறேன். இந்த இரண்டும் அமைந்த பிறகு மூன்றாமவர் இடது கையா வலது கையா என்று வாதாடலாம்.

புல்பென்னில் எட்டாவது இடம் இதைவிடக் கறாரான கணக்கு. ஏப்ரல் முதல் இரண்டு வாரம் ஸ்டார்ட்டர்கள் 75, 85 பந்தோடு நிறுத்தப்படுவார்கள், அதாவது ஐந்து இன்னிங்ஸ். ஆட்டத்துக்கு நான்கு இன்னிங்ஸ் ரிலீவர்கள் தலையில் விழும். நேற்று 30 பந்து வீசியவர் இன்று கிடையாது, தொடர்ந்து இரண்டு நாள் வீசியவர் மூன்றாம் நாள் கிடையாது. எட்டுப் பேர் என்று தாளில் இருந்தாலும் ஒரு நாளில் கைவசம் இருப்பது ஐந்து பேர்தான். அதனால் கடைசி இடத்தில் ஆப்ஷன் உள்ளவர் இருந்தால், செவ்வாய் இரவு மூன்று இன்னிங்ஸ் வீசவைத்துவிட்டு புதன் காலை அவரை அனுப்பி, புத்தம்புதுக் கையோடு இன்னொருவரைக் கூப்பிடலாம். அந்த இளைஞனுக்கு இது கொடுமைதான். நன்றாக வீசியதற்குப் பரிசாக விமான டிக்கெட். ஆனால் வால் பகுதியில் ஆப்ஷன் தீர்ந்த இருவரை வைத்துக்கொண்ட அணி ஏப்ரல் பாதியிலேயே திணறும். ஒரு நீண்ட ஆட்டம் வந்தால் போதும், நகர்த்த ஆளில்லாமல் களைத்த கையையே மறுபடி அனுப்ப வேண்டிவரும். காயம் அங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் போதும்.

ரூல் 5 வீரரின் (வேறோர் அணி தன் 40 பேர் பட்டியலில் சேர்க்காததால் எடுக்கப்பட்டவர்) நிலை இதற்கு நேர் எதிர். இன்னோர் அணியிலிருந்து 1,00,000 டாலர் கொடுத்து எடுத்தவரை சீசன் முழுக்க 26-ல் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெய்வரைக் கடந்தபின் 50,000 டாலருக்குப் பழைய அணியிடமே கொடுக்க முன்வர வேண்டும். மினசோட்டா 2000-ல் யோஹான் சன்டானாவை அப்படி வைத்திருந்தது. 86 இன்னிங்ஸ், ஒன்பது இன்னிங்ஸுக்கு 6.49 ரன் கொடுத்த சராசரி. பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்தார்கள். 2004-லும் 2006-லும் அவர் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். அந்த ஆண்டு மினசோட்டா தோற்கும் அணி என்பதையும் சொல்ல வேண்டும். 90 வெற்றிக்குக் குறிவைக்கும் அணிக்கு இந்த ஆடம்பரம் கட்டுப்படியாகாது.

இதுவரை சொன்ன காரணங்கள் எல்லாம் ஆட்டத்தோடு சம்பந்தப்பட்டவை. ஒரு காரணம் மட்டும் அப்படி இல்லை, அதை மனமார எதிர்க்கிறேன். ஒரு சீசன் சுமார் 187 நாள். அதில் 172 நாள் பட்டியலில் இருந்தால் முழு ஆண்டு சர்வீஸ். ஆறு ஆண்டு முடிந்தால் வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம். முதல் இரண்டு வாரம் கொஞ்சம் கூடுதலாகக் கீழே வைத்தால் ஆறு ஆண்டு ஏழாகிவிடும். 2015-ல் கிரிஸ் பிரையன்ட் ஸ்பிரிங்கில் .425 அடித்து 9 ஹோம்ரன் போட்டார். கப்ஸ் அவரைத் தன் ட்ரிபிள்-ஏ அணியான அயோவாவுக்கு அனுப்பியது. தேர்ட் பேஸில் மைக் ஆல்ட் தொடங்கினார். ஏப்ரல் 17-ல் பிரையன்டைக் கூப்பிட்டார்கள். சீசன் முடிவில் அவர் கணக்கு 171 நாள், ஒரே ஒரு நாள் குறைவு. அவர் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். முறையீடு செய்தார், 2020 ஜனவரியில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது.

2022 ஒப்பந்தம் இதைக் கொஞ்சம் சீர் செய்தது. பெரிய தரவரிசைகளில் இடம்பெற்ற இளைஞரைத் தொடக்கத்திலிருந்தே வைத்திருந்து அவர் சிறந்த புதுமுகம் ஆனால் அணிக்குக் கூடுதல் டிராஃப்ட் தேர்வு (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) உண்டு. கீழே வைத்திருந்தாலும் அவர் அந்த விருதுக்கான வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் முழு ஆண்டு சர்வீஸ் தானாகக் கிடைத்துவிடும். சியாட்டில் 2022-ல் 21 வயது ஹூலியோ ரோட்ரிகஸைத் தொடக்க நாளிலேயே இறக்கியது. 28 ஹோம்ரன், விருது, 21 ஆண்டுக்குப் பிறகு பிளேஆஃப், அடுத்த ஆண்டு கூடுதல் தேர்வு. ஆனால் தரவரிசையில் பெயர் இல்லாத இளைஞருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அவரை அனுப்பிவிட்டு "டிஃபென்ஸ் இன்னும் மெருகேற வேண்டும்" என்று மார்ச் 24-ல் அறிக்கை வந்தால், மார்ச் 10-லிருந்து அவரை எத்தனை ஆட்டத்தில் அந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பதில் அங்கே இருக்கும்.

கடைசி வாரத்துக்கு ஒரு குறிப்பு. முடிவு எடுத்தாகிவிட்டது என்று நினைக்கும்போதுதான் கதவு திறக்கும். 2001-ல் பாபி பொனியாவுக்குத் தொடை பிடித்ததும், முந்தைய ஆண்டு பெரும்பாலும் ஏ நிலையில் ஆடிய ஆல்பர்ட் பூஹோல்ஸுக்கு செயின்ட் லூயிஸில் இடம் கிடைத்தது. அந்த ஆண்டு .329, 37 ஹோம்ரன், அவர் அடியால் உள்ளே வந்த ரன் 130. 2021 மார்ச் கடைசியில் எலோய் ஹிமெனஸுக்கு மார்புத் தசை கிழிந்தபின் சிகாகோ வைட் சாக்ஸில் யெர்மின் மெர்சிடிஸுக்கு பேட் பிடிக்க வாய்ப்பு வந்தது. சீசனின் முதல் எட்டு முறையும் ஹிட். ஏப்ரலில் .415. ஜூலைத் தொடக்கத்தில் அவர் ட்ரிபிள்-ஏவில் இருந்தார். அவருக்கு ஆப்ஷன் மிச்சம் இருந்தது.